லெட்டர்பேடு அடிக்கப் போறீங்களா? கலருக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

மேலநீலிதநல்லூரிலிருந்து நீங்கள் அனுப்பும் கொட்டேஷனை சென்னையில் ஒருவர் பிரித்துப் பார்க்கிறார்னு வெச்சுக்கோங்க. உங்கள் கடையையோ தறிக்கூடத்தையோ அவர் பார்த்ததே இல்லை. கையில் இருக்கும் அந்த ஒரு தாள்தான் அப்போதைக்கு அவருக்கு உங்கள் நிறுவனம். அதனால் 'ஏதாவது நல்ல டிசைனா போட்டுருங்கண்ணே' என்று பிரஸ்காரர் தலையில் கட்டிவிட்டு வருவது சரிவராது.

முதலில் பில் புக். அழகில் கடைசிதான், ஆனா பணம் வர்றது இதை வெச்சுத்தான். ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் உங்கள் பெயர், முகவரி, 15 இலக்க ஜிஎஸ்டி எண் (தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும்), தேதி, வாங்குபவர் விவரம், ஹெச்எஸ்என் கோடு, வரி விகிதம், தொகை, கையெழுத்து எல்லாவற்றுக்கும் அதில் இடம் வேண்டும். பில் எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரவும் கூடாது. சரக்கு விற்பவர்களுக்கு மூன்று பிரதி: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மூன்று நிறத் தாளில் அடித்துக்கொண்டால் குழப்பமில்லை. விவரம் தப்பாக இருந்தால், வாங்கிய கம்பெனி இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுப்பதில் சிக்கல் வரும். உங்கள் பேமென்ட் அங்கேயே தூங்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் பில்லில் வரி போடவே கூடாது. அவர்கள் தருவது 'பில் ஆஃப் சப்ளை'. வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் தலையிலேயே இருக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருந்தால், 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி லெட்டர்பேடிலும் பில்லிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க சிஐஎன் எண், போன், இமெயில் கட்டாயம். விட்டால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 1 லட்சம் வரை அபராதம். பதிவே செய்யாமல் கெத்துக்காக 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுக்கொள்வதும் குற்றம்தான்.

முகவரியில் நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்கணும். 2019 நவம்பரிலேயே நாம் தென்காசி மாவட்டம் ஆகிவிட்டோம். பழைய லெட்டர்பேடைக் காப்பியடித்து 'திருநெல்வேலி மாவட்டம்' என்று அடித்துவிடாதீர்கள். மேலநீலிதநல்லூரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்கில் வேற எழுதுவோம். ஜிஎஸ்டி சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, எல்லாவற்றிலும் அதையே போடுங்கள்.

இனி லோகோ. ஒரே கறுப்பு நிறத்தில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதில் புரியவில்லை என்றால் பில் புக்கிலும் ரப்பர் ஸ்டாம்ப்பிலும் அது வெறும் கறைதான். லெட்டர்பேடுக்கு ஏ4 அளவில் 90 அல்லது 100 ஜிஎஸ்எம் தாள் போதும். பளபள ஆர்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டாம்ப் மையும் பேனா மையும் சீக்கிரம் காயாது. ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 110-க்கு 220 மில்லிமீட்டர் கவரில் கச்சிதமாக உட்காரும். விசிட்டிங் கார்டுக்கு 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத அட்டை நல்லது. அதில் உங்கள் பெயரும் போன் நம்பரும் அப்பா கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் இருக்கட்டும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. போனில் நாம் டைப் செய்வது யூனிகோடு. பழைய டிடிபி மென்பொருளில் அதை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதறிவிடும். பிரஸ்ஸில் மறுபடி டைப் செய்தால் புதுப் பிழைகள் முளைக்கும். எழுத்துகளை 'கர்வ்' ஆக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள், இல்லையென்றால் அச்சுக்குப் போகும் முன் பேப்பரிலேயே ப்ரூஃப் கேளுங்கள். அதில் இருக்கும் போன் நம்பரை நீங்களே ஒருமுறை டயல் செய்துவிடுங்கள்.

எங்கே அடிப்பது? நூறு கார்டுதான் வேண்டுமென்றால் சங்கரன்கோவிலிலேயே டிஜிட்டல் பிரின்ட் போதும். ஆஃப்செட்டில் பிளேட் செலவு உண்டு என்பதால் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். அதற்கு இருக்கவே இருக்கிறது, பக்கத்து மாவட்டத்து சிவகாசி. தீப்பெட்டி லேபிளுக்காக வளர்ந்த அச்சுத்தொழில் அது. ஆனால், ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து வருஷக் கடைசி வரை அங்கே பல பிரஸ்களில் காலண்டர் வேலைதான் ஓடும். உங்கள் ஐந்நூறு லெட்டர்பேடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஏப்ரலில் புது நிதியாண்டு பில் புக் வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.