பதிவேடும் பாத்தியதையும்: ஊவா மாகாணக் காணியுரிமை பற்றியதொரு நோக்கு

நிலத்தைப் பண்படுத்துவோனுக்கும் அந்நிலத்துக்கான ஏட்டினைக் கையில் வைத்திருப்போனுக்கும் இடையே எழும் பிணக்கு இலங்கையின் சமூக வரலாற்றிலே நீண்ட தொடர்ச்சியுடையது. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணம் இதனை ஆராய்வதற்குச் சிறந்த களமாகும். பணங் கொடுத்துக் காணி வாங்கியும் பதிவு செய்யாதோரின் உரிமை யாது, மோசடியாகப் பதிவு பெற்றோன் எதிரில் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்னும் வினாக்களும் இவ்வரலாற்றின் பின்னணியிலேயே நோக்கற்பாலன.

1815 வரை ஊவா கண்டி இராச்சியத்தின் பகுதியாயிருந்தது. நிலவுரிமை அங்கு இராசகாரியத்தோடு பிணைந்திருந்தது. அரசன் வழங்கிய சன்னஸ்களும், சேவைக் கடமைகளைக் குறித்த லேகம் மிட்டி ஏடுகளும் சான்றாதாரங்களாய் விளங்கினும், சாதாரண குடியானவனின் உரிமை வழக்காற்றிலும் அயலவரின் அறிவிலுமே தங்கியிருந்தது. 1817–18இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் இந்நிலை படிப்படியாக மாறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவாகக் கொண்டது. கண்டிப் பிரதேசங்களிலே இடைவெளிவிட்டுப் பயிரிடப்பட்ட சேனை நிலங்களுக்கு, சன்னஸோ முன்னர் இறுத்த வழமையான வரிக்கான சான்றோ வேண்டப்பட்டது. ஏடு காட்டவியலாதோன் உரிமையற்றோன் ஆனான். இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலங்கள் விற்கப்பட்டு, முதலிற் கோப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் மலைநாடெங்கும் பரந்தன. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைத் தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார்.

நிலம் விற்பனைப் பொருளானதும் மோசடியும் உடன் வந்தது. இதனைத் தடுக்கும் நோக்குடன் 1840இன் 7ஆம் இலக்கச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுத்தில் நிறைவேற்றப்படல் வேண்டுமென விதித்தது. வெறுங் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்ட விற்பனை உரிமையை மாற்றாது. அடுத்து, 1863இன் 8ஆம் இலக்கச் சட்டம் காணிப் பதிவு முறையை ஏற்படுத்திற்று. 1891இலும் 1927இலும் அது திருத்தியமைக்கப்பட்டது. 1927இன் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் நூறாண்டை அண்மித்தும் வழக்கிலுள்ளது.

இம்முறையின் இயல்பு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தென் அவுஸ்திரேலியாவில் 1858இல் றொபேட் டொறன்ஸ் புகுத்திய முறையிலே பதிவுதான் உரிமையைத் தருவது. இலங்கையின் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழோ பதியப்படுவது உறுதியேயன்றி உரிமையன்று. பதிவு செய்யப்படாத உறுதியும் செல்லுபடியானதே. எனினும் அது முந்துரிமையை இழக்கக்கூடும். ஒருவன் தன் காணியை முதலில் ஒருவருக்கு விற்கிறான். அவர் பணங் கொடுத்து உறுதி பெற்றும் பதியாது விடுகிறார். அதே காணியை அவன் மற்றொருவருக்கும் விற்க, அவர் உடன் பதிந்துகொள்கிறார். 7ஆம் பிரிவின்படி, பெறுமதியான கைம்மாறு கொடுத்து வாங்கிப் பதிந்த இரண்டாமவருக்கு எதிராக முதல் உறுதி வறிதாகின்றது.

ஆயினும் சட்டம் முதலாமவரை முற்றாகக் கைவிடவில்லை. பிந்திய உறுதியைப் பெறுவதிலோ, அதனை முந்திப் பதிவதிலோ மோசடி அல்லது கூட்டுச்சதி இருந்ததென நிரூபிக்கப்படின் முந்துரிமை அழியும். முந்திய விற்பனையை அறிந்திருந்தமை மாத்திரம் மோசடியாகாது என்பதே நீதிமன்றங்கள் கைக்கொண்ட நிலைப்பாடாகையால், நிரூபிக்கும் சுமை பாரியது. அன்றியும் முந்துரிமைப் போட்டி ஒரே மூலத்திலிருந்து தோன்றிய உறுதிகளிடையே மட்டுமே எழும். உரிமையில்லாத ஒருவன் கள்ளக் கையொப்பமிட்டு ஆக்கிய உறுதியைப் பதிவு மெய்யாக்கிவிடாது. பத்தாண்டு இடையறாத, எதிரிடையான ஆட்சியும் 1871இன் 22ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உரிமை தரவல்லது. வேறொருவர் பெயரிற் காணியை எழுதுவித்தாலும், பணங் கொடுத்தவருக்காகவே அவர் அதனை வைத்திருக்கிறார் என்ற கோட்பாட்டினை 1917இன் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு ஏற்றுள்ளது. ஆனால் உண்மை அறியாது நேர்மையாகப் பணங் கொடுத்து வாங்கிய மூன்றாமவர் குறுக்கிடின், அவ்வுரிமை தளர்ந்துவிடும்.

இப்பாதுகாப்புகள் யாவும் பதிவகத்தின் வாயிலை அடையக்கூடியோருக்கே பயன்பட்டன. பசறை, பண்டாரவளை, மடுல்சீமைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாயில் பெரிதும் அடைக்கப்பட்டிருந்தது. வேலையின் பொருட்டு வழங்கப்பட்ட லயன் அறையில் எத்தலைமுறை வாழினும் அது எதிரிடையான ஆட்சியாகாது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இலங்கையைப் பூர்வீக வதிவிடமாகக் கொண்டோருக்கே முடிக்குரிய காணிகளை ஒதுக்கிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1963இன் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், பிரசையல்லாதார் காணி வாங்கின் அக்காணியின் பெறுமதிக்குச் சமமான வரியை விதித்தது. சேமித்த பணத்தால் துண்டு நிலம் வாங்க விழைந்த நாடற்றவர் இருமடங்கு விலை இறுக்கவேண்டும். அன்றேல் பிரசையொருவர் பெயரை நம்பவேண்டும். அந்நம்பிக்கை பிழைத்தவிடத்து, வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாட்டினை நீதிமன்றிலே எடுத்துரைத்து நியாயங் கோருதல் எளிதன்று.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 2003இல் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழிவகுக்கப்பட்டது. இம்மாற்றங்கள் எவற்றாலும் லயன் அறை தொழிலாளரின் சொத்தாகவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவு லயன்களை மூடியபொழுது, சொந்த நிலமின்மையின் கொடுமையை நாடு கண்டது. அதன் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்னும் திட்டம் வலுப்பெற்றது. அத்தகைய காணிக்கென வழங்கப்படும் பத்திரம் ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்கப்படவேண்டிய வினாக்கள் இரண்டு: அது உரிமையை மாற்றும் உறுதியா? பதிவகத்தின் உரிய ஏட்டில் அது இடம்பெற்றுள்ளதா?

மோசடியைத் தடுக்கவெழுந்த சட்டம், முந்திப் பதிந்தவன் யாரென்று கேட்கின்றது. பதிவகத்தை அடையும் வாய்ப்பு யாருக்கு இருந்ததென்று கேட்பது வரலாற்றின் கடன். இவ்விரண்டாம் வினாவுக்கு நேர்மையான விடை காணப்படும்வரை, ஊவாவின் மலைச்சரிவுகளிலே உழைத்தோரின் உரிமை ஏட்டிற்கு வெளியிலேயே நிற்கும்.