செஞ்சிக் கோட்டை: 8 ஆண்டு முற்றுகையைத் தாங்கிய மலை... ஏறிப் பார்க்கத் தயாரா?

கலவை பக்கம் இருப்பவர்கள் ஆரணி, சேத்துப்பட்டு வழியாக ஒரே நாளில் போயிட்டு வரக்கூடிய இடம், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டை.

என்ன ஸ்பெஷல்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என 3 மலைகளை மதிலால் இணைத்த கோட்டை இது. 1677-ல் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து சிவாஜி கைப்பற்றினார். பின்னர் அவரது மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புக, முகலாயப் படை முற்றுகையிட்டது. 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது.

இவ்வளவு நாள் தாங்கியது எப்படி?

பதில், ராஜகிரிக்கு ஏறும் வழியிலேயே இருக்கு. சுமார் 800 அடி உயரம். புதர்க்காட்டுக்கும் பாறைக்கும் நடுவே படிகள், அடுத்தடுத்து வாசல்கள். கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டினால், உச்சிக்கு முன்னால் ஆழமான பாறைப் பிளவு. அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துட்டா எதிரி உள்ளே நுழைவது ரொம்பக் கஷ்டம். சாப்பாட்டுக்கு நெற்களஞ்சியங்கள், குடிக்கச் சுனைகளும் குளங்களும்.

கவனிக்க வேண்டியவை

வெயில் ஏறும் முன், காலையிலேயே கிளம்புங்க. தண்ணீர் கட்டாயம். குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைக் கையில் வைக்காதீங்க. மூட்டுவலி, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்தாலே போதும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சுவரில் பேர் கிறுக்காமல் இறங்கி வருவது நம்ம பொறுப்பு.