'அன்று முதல்' 'இன்று முதல்' ஆன கதை



பாடசாலைக்கு வரும் சுற்றுநிருபங்களிலும் நமது கைக்கு வரும் ஒப்பந்தங்களிலும் 'ஹென்ஸ்ஃபோர்த்' என்றொரு ஆங்கிலச் சொல் இருக்கும். 'இன்று முதல்', 'இனிமேல்' என்பதே அதன் பொருள். அன்றாடப் பேச்சில் இதனைப் பாவிப்பது மிகக் குறைவு. சட்டம், தீர்மானம், பிரகடனம் போன்றவற்றுக்கு உரிய சொல் இது. 'ஹென்ஸ்ஃபோர்வர்ட்' என்றும் எழுதுவர். இதற்கு ஒரு சகோதரச் சொல்லும் உண்டு: 'தென்ஸ்ஃபோர்வர்ட்'. அதன் பொருள் 'அன்று முதல்'.

இந்த இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அமெரிக்க வரலாறு அழகாகக் காட்டுகிறது.

உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1862 செப்டெம்பர் 22இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு முன்னறிவித்தல் விடுத்தார். 1863 ஜனவரி 1ஆம் திகதியும் கிளர்ச்சியில் நீடிக்கும் பகுதிகளிலுள்ள அடிமைகள் விடுதலை பெறுவர் என்பதே அது. திகதி எதிர்காலத்தில் இருந்ததால் அதில் 'தென்ஸ்ஃபோர்வர்ட்' என்றே எழுதப்பட்டது. சொன்ன நாள் வந்தது. லிங்கன் கையொப்பமிட்ட இறுதிப் பிரகடனத்தில் 'ஹென்ஸ்ஃபோர்வர்ட்' என்ற சொல் வந்தது. 'அன்று' 'இன்று' ஆனது. தமிழிலும் ஓரெழுத்து மாற்றம்தான்.

ஆனால் அந்த 'இன்று' எல்லோருக்கும் ஒரே நாளில் விடியவில்லை. ஒன்றியத்தோடு நின்ற டெலவெயர், மேரிலண்ட், கென்டக்கி, மிசூரி ஆகிய அடிமை மாநிலங்களுக்குப் பிரகடனம் பொருந்தவில்லை. கிளர்ச்சிப் பகுதிகளிலோ, பெரும்பாலும் ஒன்றியப் படை சென்ற இடத்துக்கே விடுதலையும் சென்றது. அதே பிரகடனம் கறுப்பின ஆண்களுக்குப் படையில் சேரும் வழியையும் திறந்தது. சுமார் 180,000 பேர் ஒன்றிய இராணுவத்தில் சேர்ந்து, தமது விடுதலைக்காகத் தாமே போராடினார்கள்.

டெக்சாஸில் சுமார் 250,000 பேர் இன்னும் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். 1865 ஜூன் 19இல் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கல்வெஸ்டன் நகரில் வெளியிட்ட கட்டளைதான் விடுதலையை அங்கே கொண்டுவந்தது. இடையில் கடந்தது இரண்டரை வருடம்! நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பர் 6இல்தான் உறுதியானது.

ஆகவே பிள்ளைகளுக்கு இச்சொல்லைக் கற்பிக்கும்போது பொருளோடு நிறுத்திவிட வேண்டாம். 'இன்று முதல்' என்று எங்கு கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குவோம்: எந்தத் திகதி முதல்? யாருக்கு? அதனை நடைமுறைப்படுத்துவது யார்?

நமது கைக்கு வரும் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் அப்படியே வாசிப்போம்.