சூரியக் கறையும் ஓர் அறிஞரின் நிதானமும்

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் படித்திருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது? 1877-ல் நார்மன் லாக்யர், வில்லியம் ஹண்டர் என்னும் இருவர் இதற்கு விடை கூறினர். சூரியனிலுள்ள கறைகள் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை குறைகின்றன. அக்காலத்தில் சென்னையில் மழையும் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கை நம்பி மழையை முன்னறிந்து சொல்ல முடியவில்லை. ஊரே பசித்திருக்கும்போது விடைக்கு விரைவது மனித இயல்பு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

எனினும், சூரியனை நாள்தோறும் நோக்கி ஆராய வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. பழனி மலைத்தொடரில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ல் கோடைக்கானல் வானாய்வுக்கூடம் தோன்றியது. ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் 1907-ல் அங்கு வந்து பணியேற்றார்.

மறு ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் என்பவர் சூரியக் கறைகளில் காந்தப் புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். கறை என்பது வாயுக்களின் பெருஞ்சுழல் என்பது அவர் கொள்கை. ஹேலோ பெரும் புகழுடையவர்.

1909 ஜனவரி 5-ஆம் நாள் எவர்ஷெட் இரண்டு பெரிய கறைகளின் நிறமாலையைப் படம் பிடித்தார். அதிலுள்ள கருங்கோடுகள் இடம்பெயர்ந்திருந்தன. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப்பக்கம் ஒதுங்கும். விலகிச் சென்றால் சிவப்புப்பக்கம் ஒதுங்கும். ஆகவே கறையில் ஏதோ ஓட்டம் உண்டு என்பது தெளிவு. ஹேலின் சுழல் இதுவே என்று அன்றே அறிவிக்க எத்தனை பேருக்குக் கை துறுதுறுத்திருக்கும்!

எவர்ஷெட் மீண்டும் மீண்டும் பார்த்தார். கறை சூரிய வட்டத்தின் நடுவில் இருந்தபோது பெயர்ச்சி காணப்படவில்லை. ஓரத்தை நெருங்க நெருங்க மிகுந்தது. வட்டத்தின் மையத்தையும் கறையையும் இணைக்கும் திசையில் கருவியின் பிளவை வைத்தால் பெயர்ச்சி தெரிந்தது. குறுக்கே வைத்தால் மறைந்தது. சுழலாயின் இதற்கு நேர்மாறாக அன்றோ இருந்திருக்க வேண்டும்! கறையின் கருமையைச் சூழ்ந்த மங்கற்பகுதியில், வாயு வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில், சூரியப் பரப்பை ஒட்டி வெளிநோக்கிப் பாய்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவ்வாண்டே கோடைக்கானல் வெளியீட்டில் அது அச்சாயிற்று. உலகம் இன்று அதனை எவர்ஷெட் விளைவு என்று வழங்குகிறது.

ஹேல் கண்ட காந்தப் புலம் பொய்யாகிவிடவில்லை. அது இன்றும் அசைக்க முடியாத உண்மை. விலகியது சுழற் கருத்து மட்டுமே. இரண்டையும் பிரித்தறிந்ததுதான் இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்த பகுதி. அந்த ஓட்டம் எதனால் நிகழ்கிறது என்ற ஆராய்ச்சியோ நூறாண்டு கடந்தும் தொடர்ந்தது. கோடைக்கானலில் தலைமுறை தலைமுறையாக எடுத்த சூரியப் படங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, இன்று ஆராய்ச்சியாளர் பலருக்குப் பயன்பட்டு வருகின்றன.