மும்முறை எழுந்த வினா

அலாஸ்காவின் தென்கிழக்கில், அட்மிரால்ட்டித் தீவின் மேற்குக் கரையில் அமைந்த மீனவச் சிற்றூர் அங்கூன். திலிங்கித் மக்கள் வாழும் இவ்வூருக்கு வெளியூர்ச் சாலை எதுவும் இல்லை; படகிலோ, நீரில் இறங்கும் சிறு விமானத்திலோதான் செல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 357. சால்மனும் ஹாலிபட்டும் தரும் கடலே வாழ்வாதாரம். கரையோரமாக நடந்து ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம். ஆயினும், 1882 அக்டோபர் 26இல் அக்கரையில் நிகழ்ந்ததை அறியாதவர் அவ்வூரைக் கண்டவராகார்.

திலிங்கித் சமூகம் காகம், கழுகு என்னும் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொருவரும் தாய்வழியே குலம் பெறுவர். பிறரால் ஓர் உயிர் இழக்கப்படின், இழந்த குலத்துக்கு ஈடு செலுத்துவது அவர்தம் அறம். அவ்வாண்டு வணிக நிறுவனமொன்றின் திமிங்கில வேட்டைப் படகில் பணிபுரிந்த திலிங்கித் பூசகர் ஒருவர் வெடிவிபத்தில் இறந்தார். மரபுப்படி 200 கம்பளிகள் ஈடாகக் கேட்கப்பட்டன. நிறுவனமோ அமெரிக்கக் கப்பற்படையிடம் முறையிட்டது. படைத்தலைவர் மெரிமன் அவ்வறத்தை ஏற்கவில்லை. மாறாக, ஊரார்மீதே 400 கம்பளிகள் தண்டம் விதித்தார். 81 மட்டுமே சேர்ந்தன. பீரங்கிகள் முழங்கின. வீடுகளும் ஓடங்களும் குளிர்காலத்துக்கெனச் சேமித்த உணவும் அழிக்கப்பட்டன. ஆறு குழந்தைகள் அன்று மாண்டனர் என்றும், பின்வந்த குளிரிலும் பசியிலும் மேலும் பலர் மடிந்தனர் என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

வேறிடம் சென்றிருந்ததால் ஓர் ஓடம் மட்டும் தப்பியது. அதைக்கொண்டே மக்கள் உணவு தேடி அக்குளிர்காலத்தைக் கடந்தனர். அதன் முகப்பை அணிசெய்த பீவர் என்னும் விலங்கின் மரச்சிற்பம் பிற்காலத்தில் ஊரைவிட்டு மறைந்தது. 1999இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்ற மூத்தோர், அங்கே அதனைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டனர். அச்சிற்பம் பின்னர் தன் குலத்தாரிடம் திரும்பி வந்தது.

1973இல் அரசு 90,000 டாலர் இழப்பீடு வழங்கியது. பணம் வந்ததேயன்றி, தவறு என்னும் சொல் வரவில்லை. எனவே நினைவு நாள்தோறும் ஊர்த்தலைவர்கள் கூட்டத்தினரை நோக்கி, மன்னிப்புக் கோரக் கப்பற்படையிலிருந்து எவரேனும் வந்துள்ளனரா என மும்முறை வினவினர். ஒவ்வொரு முறையும் சற்றுக் காத்திருந்தனர். விடை கிடைத்ததில்லை. கேட்டவர் மறைந்தபின் அடுத்த தலைமுறையினர் அதே வினாவை எழுப்பினர்.

2024 அக்டோபர் 26இல், 142 ஆண்டுகள் கழிந்தபின், ரியர் அட்மிரல் மார்க் சுகாட்டோ அங்கூனுக்கே வந்து கப்பற்படையின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 1869இல் தாக்கப்பட்ட கேக் என்னும் மற்றொரு திலிங்கித் ஊரிடமும் அதற்கு முந்திய மாதம் மன்னிப்புக் கோரப்பட்டிருந்தது.

ஒரு வினாவை மாற்றாமலும் மறவாமலும் சொல்லிவந்ததனால் அங்கூன் தன் வழக்கைக் காத்துக்கொண்டது. அம்மக்கள் வேண்டியது, இழந்தவை உயிர்கள் என்னும் ஒப்புதலை. 1882இல் 200 கம்பளிகளாக அவர்கள் முதலிற் கேட்டதும் அதுவே.