பிண்ணாக்கு போட்ட கஞ்சா வயல்

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய ஆவணம் எது கையில் கிடைத்தாலும், உரம் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன். கஞ்சா பற்றிய ஆவணமாக இருந்தாலும் அப்படித்தான்.

1893-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கஞ்சா பற்றி எழுந்த ஒரு கேள்வியால் இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் அமைக்கப்பட்டது. தலைவர் மக்வொர்த் யங். 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை தந்தார்கள். அளவோடு பயன்படுத்தினால் பெரிய கேடு இல்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்ற அதன் முடிவை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பயிர் செய்யும் முறையைச் சொல்லும் அத்தியாயத்தை யாரும் சீண்டுவதில்லை. கமிஷனுக்கு முன்பே, 1877-ல் ஹேம் சந்திர கெர் வங்காளத்துக் கஞ்சா சாகுபடி பற்றித் தனி அறிக்கை எழுதியிருந்தார். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் டேவிட் பிரெய்ன் 1893-ல் இன்னொன்று எழுதினார். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு வட்டாரத்து விவசாயியின் உரக்கணக்கு முழுதாகக் கிடைக்கிறது.

அந்த வட்டாரம் நௌகாவ். அன்று ராஜ்சாகி மாவட்டம், இன்று வங்காள தேசம். சுற்றியிருந்த தினாஜ்பூர், போக்ரா பகுதிகளின் சில துண்டுகளையும் சேர்த்து அதைக் கஞ்சா மகால் என்றார்கள். உரிமம் பெற்றவர்தான் பயிரிடலாம். விளைந்த சரக்கு அரசின் கண்காணிப்பில் கிடங்குக்குப் போகும், தீர்வை கட்டிய பிறகே வெளியே வரும். நம் பக்கம் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் கஞ்சா பயிரிட்டதைக் கமிஷன் பதிவு செய்திருக்கிறது. ஆனால் வேலை நுணுக்கத்தில் நௌகாவுக்கு அருகில் வேறெதுவும் வராது.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வெள்ளம் ஏறாத மேட்டு நிலம், மணல் கலந்த வண்டல், மரநிழல் விழாத இடம். கோடையிலேயே உழவு தொடங்கி, திரும்பத் திரும்ப உழுவார்கள். வரப்போரத்து மண்ணைப் புல்லோடு வெட்டி வயலில் பரப்புவார்கள். அதன் மேல் சாணம். ஆகஸ்டில் நாற்றங்கால் விடுவார்கள். செப்டம்பரில் மழை தணியும்போது நாற்றைப் பிடுங்கி, பார் கட்டிய வயலில் நடுவார்கள். செடி வேர் பிடித்ததும் பாரின் இரு பக்கத்தையும் கொத்தி இறக்கி, வேர் தெரியுமளவுக்கு மண்ணை ஒதுக்கி, பிண்ணாக்கைத் தனியாகவோ சாணத்தோடு கலந்தோ வைத்து, மறுபடி மண் அணைப்பார்கள். சில வாரம் கழித்து இன்னொரு முறை. குளிர்காலத்தில் தேவைக்கேற்பத் தண்ணீர். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை.

நவம்பரில் ஒரு ஆள் வருவார். ஆங்கிலேயர் அவரைக் கஞ்சா டாக்டர் என்று எழுதினார்கள், ஊர்க்காரர்களுக்கு அவர் பொத்தார். பூக்கும் முன்பே செடி செடியாகப் பார்த்து ஆண் செடியை வெட்டிப் போடுவது அவர் தொழில். விதை பிடித்த சரக்குக்கு மதிப்பில்லை. இந்தப் பொத்தாரைப் பற்றித்தான் எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு வியப்பு பிண்ணாக்கு வைத்த நாளில்.

கவனித்துப் பாருங்கள். மலிவான சாணம் மழைக்கு முன்னால் போகிறது. காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு மழை முடிந்த பிறகே வருகிறது. தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிட்டால் களிமண் அதைப் பிடித்து வைக்காது, இறங்கும் தண்ணீரோடு அதுவும் இறங்கிவிடும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1870-ல் 20, 40, 60 அங்குல ஆழத்து மண்ணுக்குக் கீழே தொட்டி கட்டி, வடியும் நீரைப் பிடித்து, பல ஆண்டுகள் அளந்துதான் லாஸும் கில்பர்ட்டும் வாரிங்டனும் இந்த இழப்பைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். நௌகாவ் விவசாயிக்குத் தொட்டி இல்லை. ஆனால் அவர் அட்டவணை அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பருவமழை வயலைக் கழுவிவிட்டுப் போகும் வரை அவர் விலையுள்ள சத்தை மண்ணில் வைக்கவில்லை. இதை யாரும் கோட்பாடாக எழுதி வைக்கவில்லை, தேதிகளைப் பார்த்து நான் சொல்வதுதான். என்றாலும் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

பிண்ணாக்கில் இன்னொரு வசதி. அதிலுள்ள தழைச்சத்து புரதமாக இருக்கிறது. நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே வேருக்குக் கிடைக்கும். உப்பு ஒரேயடியாக ஏறி இலை நுனி கருகும் பேச்சு அங்கே குறைவு. இன்று தொட்டியில் கஞ்சா வளர்ப்பவர்கள் செய்வதுபோல் அறுவடைக்கு முன் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை அலசும் வழக்கம் எதுவும் நௌகாவ் முறையில் என் கண்ணில் படவில்லை. தேவைப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை.

அலசல் வேறு வழியாக வந்தது. 1840-களில் லாஸின் சூப்பர் பாஸ்பேட், அதையடுத்துச் சிலி நாட்டு நைட்ரேட், 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் காற்றிலிருந்து அம்மோனியா. உரம் என்றால் நீரில் கரையும் உப்பு என்றாகிவிட்டது. எந்த உரம் மண்நீரில் எவ்வளவு உப்பழுத்தம் ஏற்றும் என்று 1943-ல் அமெரிக்கர்கள் பட்டியலே போட்டார்கள். சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்தால் நாம் பொட்டாஷ் என்று வாங்கும் பொட்டாசியம் குளோரைடு 116 வரும். உவர் நிலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவும் கணக்கைக் கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆய்வகம் 1954-ல் கையேடாக வெளியிட்டது. மின்கடத்து திறன் 4-ஐத் தாண்டினால் உவர் மண் என்று எங்கள் நிலையத்தில் சீட்டு எழுதியதும் அந்தக் கையேட்டின் வழியில்தான். ஓர் அடி மண்ணுக்கு ஓர் அடி தண்ணீர் விட்டு வடித்தால் உப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் போகும் என்பது வயல்காரர்களுக்குச் சொல்லும் வாய்ப்பாடு. வடிகால் இருந்தால் மட்டும். களர் நிலமென்றால் முதலில் ஜிப்சம், அப்புறம்தான் தண்ணீர். திருச்சிப் பக்கத்து விவசாயிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் கஞ்சா தொட்டிக்குள் போனபோது இந்த உவர் நிலத்து வைத்தியமும் கூடவே போனது. தொட்டியில் மழை இல்லை, கரைசல் உரம் வாராவாரம் ஏறுகிறது, உப்பு தங்குகிறது. அளந்து பார்த்து, மிஞ்சியிருந்தால் கழுவுவது சரிதான். ஆனால் அறுவடைக்கு முன் இரண்டு வாரம் பட்டினி போட்டு அலசினால் புகை மென்மையாகும் என்ற நம்பிக்கை வேறு விஷயம். கொலராடோவில் ஓர் உர நிறுவனம் 14, 10, 7 நாள் அலசியதையும் அலசாததையும் ஒப்பிட்டுப் பார்த்தது. விளைச்சலிலும் வீரியத்திலும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. உரம் விற்பவரின் சோதனை என்பதால் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் மண்ணறிவு சொல்வதும் அதுவே: மணிச்சத்து மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும், சும்மா ஊற்றும் தண்ணீருக்கு அசையாது. செடிக்குள் சேர்ந்துவிட்டதை வேருக்கு ஊற்றும் தண்ணீர் வெளியே இழுக்காது.

நௌகாவ் விவசாயிகள் 1917-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சரக்கைச் சங்கமே விற்றது, லாபத்தில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினார்கள். இந்தியாவில் 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தது. வங்காள தேசத்தில் 1987-ல் சாகுபடி நிறுத்தப்பட்டது. உரிமமின்றி இந்தச் செடியை வளர்ப்பது இங்கே குற்றம், எனவே இதை வாசித்துவிட்டு யாரும் தொட்டி வாங்கப் போக வேண்டாம். கமிஷனின் அறிக்கையை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வேளாண் கல்லூரி மாணவர்கள் சாகுபடி அத்தியாயத்தை மட்டுமாவது படிக்க வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எப்போது பிண்ணாக்கு வைப்பது என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.