தலைக்காயத்துக்குப் பின் வரும் மறதியும் கோபமும்

சாலை விபத்தோ, குளியலறையில் வழுக்கி விழுவதோ, முதியவர்களுக்குத் தலையில் அடிபட இதுவே போதும். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் வரம்புக்குள் தமிழக அரசே ஏற்கிறது. உயிர் தப்பி, தையல் பிரித்து, அத்தா வீடு திரும்புகிறார்.

அதன்பின் சாப்பிட்டதை மறக்கிறார், எரிந்து விழுகிறார், எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறுகிறார். வயதாகிவிட்டது, பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பல நேரம் அது மூளைக்காயத்தின் விளைவு. அதற்குப் பயிற்சி உண்டு.

நினைவு, கவனம், பேச்சு ஆகியவற்றில் எது குறைந்துள்ளது என்று நரம்பியல் உளவியலாளர் சோதித்து, அதற்கேற்ற பயிற்சி தருவார். சேலம், நாமக்கல் மக்களுக்கு எட்டும் தொலைவில் பெங்களூரு நிம்ஹான்ஸும் வேலூர் சி.எம்.சி.யும் உள்ளன. சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்குகிறது.

மீதிப் பயிற்சி வீட்டில்தான். கண்ணாடி, சாவி, தொப்பிக்கு ஒரே இடம் வைப்போம். அன்றாட வேலைகளைச் சுவரில் எழுதி ஒட்டுவோம். உணவுக்கும் நடைக்கும் பாங்கு நேரத்தையே அடையாளமாக்குவோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வோம். டிவி சத்தத்தைக் குறைப்போம். மறந்ததைச் சொல்லிக்காட்டி, பேரப்பிள்ளைகள் முன் திட்ட வேண்டாம்.

அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் தலைவலி, அதிகத் தூக்கம், கை கால் தளர்ச்சி வந்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.